கழுத்து ஜவ்வா, உடம்பு வலியா? ஒரே வீட்டில் இடம் மாறிய இரண்டு நோய்கள்

மண்ணில் கரிமம் குறைந்தால் என்ன செய்வது, பயிரில் பூச்சி விழுந்தால் எதைக் கரைத்துத் தெளிப்பது என்று மாதாமாதம் எழுதுகிறோம், படிக்கிறோம். அந்த மண்ணில் குனிந்து நிற்கிற உடம்பைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சே வரும். "கழுத்துல ஜவ்வு பிதுங்கிடுச்சாம், ஆபரேஷன்னு சொல்றாங்க" என்பார் ஒருவர். "என் வீட்டம்மாவுக்கு உடம்பு பூரா வலி, எந்த டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல" என்பார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள் ஒரு எண்ணெய் பெயர் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் மருத்துவன் இல்லை. 34 வருடம் வங்கியில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு பாலாற்றுப் பக்கம் மூன்று ஏக்கரில் சீரகச் சம்பாவும் கொஞ்சம் நிலக்கடலையும் போடுகிறவன். ஆனால் இந்த இரண்டு நோயும் ஒரே வீட்டில் இருந்ததையும், எது யாருக்கு என்பது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டதையும் கூடவே இருந்து பார்த்தேன். வரவு வைக்க வேண்டிய தொகையை வேறு கணக்கில் வைத்துவிட்டால் இரண்டு கணக்குமே தப்பாகிவிடும். வங்கிக்காரனுக்கு அது கண்ணை உறுத்தும். அதனால் டாக்டர்களைத் துருவித் துருவிக் கேட்டேன், ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மனைவியின் தங்கை வீடு. சகலை குழித்தறியில் கோர்வைப் பட்டு நெய்கிறவர். கோர்வை என்றால் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வர வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருவரால் ஆகாது. தறிக்காரர் நடுவில் உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் மனைவிதான். கூலி எழுதும் புத்தகத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஏறாது. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர், கரையும் உடலும் சேருகிற இடத்தில் இழை தப்பாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தலையைத் தொங்கப் போட்டபடியே ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் இருப்பார். வெளிச்சம் போதாவிட்டால் தலை இன்னும் கீழே போகும். மனிதத் தலை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது எலும்பு அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். 2014-இல் ஒரு அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: தலை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ. இது உடம்பில் அளந்த எண் இல்லை, கணக்கு மாதிரி வைத்துச் சொன்னது. இருந்தாலும் தறியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

நம் பிழைப்பும் இதற்குக் குறைந்ததில்லை. நடவும் களையும் குனிந்த கழுத்து. புல்லுக்கட்டும் எருக்கூடையும் தலைச்சுமை. 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டினால் கரைசல் மட்டுமே 16 கிலோ. வார் இரண்டும் கழுத்தடியில்தான் அழுத்தும். ஜீவாமிர்தமானாலும் ரசாயன மருந்தானாலும் தோளுக்கு எடை ஒன்றுதான்.

வலி இருந்தவளும் வலி இல்லாதவரும்

2019-இல் அத்தி வரதரைப் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம் வந்த 48 நாட்களில் மச்சினி வீட்டில் உறவுக்காரர்கள் வந்து தங்கியபடியே இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கழுத்து வலி ஆரம்பித்தது. தோளுக்கு இறங்கியது. ஆறு மாதத்தில் முதுகு, இடுப்பு, தொடை, கை என்று எல்லா இடத்திலும் வலி. "மாமா, ராத்திரி பூரா தூங்கி எழுந்தாலும் யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது" என்பாள். வளையல் போட்டால் மணிக்கட்டு வலிக்கும். பேரன் ஓடி வந்து மடியில் விழுந்தால் துடித்துப்போவாள். அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்துபோகும். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. மாமியார், "தறியில உக்காரச் சொன்னாத்தான் வலி வருது" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். பதில் பேசாமல் எழுந்து போய் நாடாவைப் பிடித்தாள்.

2022-இல் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு பெயர் கிடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. அது எனக்குப் புரிந்தது. அறுவை செய்தால் சரியாகும் என்றார்கள். செலவுக்கு நகையை அடகு வைக்க என்னிடம் யோசனை கேட்டார் சகலை. வட்டி எங்கே குறைவு என்று சொல்வதற்கு முன், இன்னொரு டாக்டரிடம் கேட்போம் என்றேன். நகைக் கடன் மேசையில் உட்கார்ந்தவன் வாயிலிருந்து தானாக வருகிற வார்த்தை அது.

அதே மாதங்களில் சகலைக்கும் ஒரு மாற்றம் தெரிந்தது. யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. அறுந்த இழையை விரல் நுனியில் முறுக்கிச் சேர்ப்பது அவருக்குப் பத்து வயதிலிருந்து கைவந்த வேலை. அது வரவில்லை. "பட்டு வழுக்குது சகலை, நூல் சரியில்ல" என்றார். சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட்டார். தெருவில் நடக்கும்போது ஒரு கால் செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் நாலு அடி நடந்து போனார். வயசாச்சு, சர்க்கரையாக இருக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். உண்மையாகவே அவருக்கு வலி பெரிதாக இல்லை.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போனது மச்சினிக்காக. துணைக்கு வந்தவர் சகலை. படியேறும்போது அவர் நடந்த விதத்தைப் பார்த்துவிட்டு ஒரு இளம் டாக்டர், "அய்யா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களை முழுசாக மூடி முழுசாக விரிக்கச் சொன்னார். பத்து நொடியில் 20 தடவையாவது செய்ய வர வேண்டும். சகலைக்கு 11 தான் வந்தது. பிறகு ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை ஒட்டி வைத்து, வரப்பில் நடப்பதுபோல் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் சுவரைப் பிடித்தார்.

கதை சுருக்கம் இதுதான். அறுவை தேவைப்பட்டது வலியே இல்லாத சகலைக்கு. வட்டு பின்பக்கமாகத் தள்ளித் தண்டுவடத்தையே நசுக்கிக்கொண்டிருந்தது. வலியில் துடித்த மச்சினிக்குக் கழுத்தில் அறுப்பதற்கு எதுவும் இல்லை. அவளுக்கு இருந்தது ஃபைப்ரோமயால்ஜியா.

படத்தில் இருப்பதும் உடம்பில் வலிப்பதும்

கழுத்தில் ஏழு எலும்பு. மேலே உள்ள முதல் இரண்டுக்கு நடுவில் வட்டு கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வொரு இரண்டு எலும்புக்கு நடுவிலும் ஒன்று. நாம் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே நார், உள்ளே நீர்ச்சத்துள்ள சதை. வயது ஏற ஏற உள்ளே நீர் வற்றும், வட்டின் உயரம் குறையும், ஓரம் வெளியே தள்ளும். இது முடி நரைப்பது மாதிரி. நரைத்த தலையெல்லாம் நோயாளித் தலை இல்லையே.

இதை ஜப்பானில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நாலில் மூன்று பங்குக்கு இருந்தது. அப்படியென்றால் உடம்பு வலி என்று வருகிற எவரையும் அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தால் ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியத்தான் செய்யும். அந்தப் பிதுக்கம்தான் வலிக்குக் காரணமா என்பதைப் படம் சொல்லாது. உடம்பைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வட்டு நரம்பை நசுக்கினால் அந்த வலிக்கு ஒரு பாதை உண்டு. வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் போகிறது என்பது மாதிரி, எந்த நரம்பு எந்த விரலுக்குப் போகிறது என்பது ஏறக்குறைய தெரிந்த வழி. ஆறாவது நரம்பு என்றால் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல். பெரும்பாலும் ஒரு கையில் மட்டும் வரும். அண்ணாந்து அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சிலருக்கு விட்டுப்போகும். தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் கவலை என்று நினைக்காதீர்கள், கழுத்தாகவும் இருக்கலாம். இந்த வகை பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில மாதங்களில் தணிந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு.

நரம்பை விட்டுத் தண்டுவடத்தையே அழுத்தினால் கதை வேறு. அங்கே வலி இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கை நுணுக்கம் போகும், நடை தள்ளாடும், செருப்பு நழுவுவது தெரியாது, கடைசியில் சிறுநீர் கட்டுப்பாடும் கெடலாம். இதற்குக் காத்திருக்கக் கூடாது. போன சக்தி முழுசாகத் திரும்பாது. மேலும் போகாமல் தடுப்பதுதான் அறுவையின் முதல் நோக்கம்.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இப்படிப் பாதை கிடையாது. உடம்பின் இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும் மூன்று மாதத்துக்கு மேல் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மறதி, மந்தம். தசையில் வீக்கமோ மூட்டில் சிதைவோ இருக்காது. பெண்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆண்களுக்கும் வருகிறது. 1904-இல் இதற்கு ஃபைப்ரோசைடிஸ், அதாவது நார்த்தசை அழற்சி என்று பெயர் வைத்தார்கள். அழற்சியே இல்லை என்று தெரிந்தபிறகு 1976-இல் இப்போதைய பெயர் வந்தது. 1990-இல் உடம்பில் 18 புள்ளிகளை அழுத்தி, 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் விதி வகுத்தார்கள். 2010-இல் அந்தப் புள்ளிக் கணக்கு கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். எத்தனை இடத்தில் வலி, தூக்கமும் அசதியும் எப்படி என்று கேட்டே முடிவு செய்கிறார்கள். ரத்தத்திலோ படத்திலோ காட்டுகிற சோதனை இன்றுவரை இல்லை. "டெஸ்ட்ல ஒண்ணுமில்ல" என்பதற்கு "உனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டில் அர்த்தம் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஒன்றுமில்லாமல் இல்லை. 2002-இல் அமெரிக்காவில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 16 பேரையும் இல்லாத 16 பேரையும் ஸ்கேன் கருவிக்குள் வைத்து, கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத லேசான அழுத்தத்துக்கே நோயுள்ளவர்களின் மூளையில் வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. அதாவது வலி நிஜம். கைகாலில் புண் இல்லை, வலியைக் கேட்கிற கருவியின் ஒலி கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கோயில் திருவிழாவில் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவிட்டால் பேசுகிறவர் மூச்சு விடுவதுகூடத் தெருக்கோடிவரை இரையும் அல்லவா, அதுபோல.

ஒன்று மற்றொன்றைக் கொண்டு வருமா?

வாசகர்கள் கேட்கப்போகிற கேள்வி இதுதான். மச்சினிக்குக் கழுத்தில்தானே ஆரம்பித்தது, அப்படியென்றால் கழுத்து வட்டுதானே மூல காரணம்?

இதற்கு ஆய்வுலகமே ஒரே வாயால் பதில் சொல்லவில்லை. 1997-இல் இஸ்ரேலில் கழுத்தில் அடிபட்டவர்களையும் கால் எலும்பு முறிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களில் 21.6 சதவீதம் பேருக்குப் பின்னால் ஃபைப்ரோமயால்ஜியா வந்தது. கால் முறிந்தவர்களில் 1.7 சதவீதம்தான். கழுத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பு என்று அப்போது பேச்சு. 2006-இல் அதே நாட்டில் இன்னொரு குழு, வண்டி மோதிக் கழுத்து அடிபட்ட 153 பேரை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. ஏறத்தாழ யாருக்கும் வரவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் சில அறுவை நிபுணர்கள், இந்த நோயாளிகளுக்குக் கழுத்துத் தண்டுவடம் நெருக்கப்படுவதே காரணம் என்று அறுவையே செய்தார்கள். பிறகு நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தபோது அந்த நெருக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்த அறுவை வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

நான் புரிந்துகொண்டது இது. வட்டுப் பிதுக்கம் ஃபைப்ரோமயால்ஜியாவை உண்டாக்குவதில்லை, அதுவும் இதை உண்டாக்குவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஒன்றை ஒன்று தூண்டும். கழுத்து ஓயாமல் வலித்தால் தூக்கம் கெடும். 1975-இலேயே கனடாவில் நல்ல ஆரோக்கியமான ஆட்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் தொந்தரவு செய்து பார்த்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலி வந்துவிட்டது. தூக்கம் கெட்டால் ஒலி கூடும், ஒலி கூடினால் கழுத்தில் இருக்கிற சின்ன வலியும் பெரிதாகக் கேட்கும். இதை மறுபக்கமிருந்தும் பார்த்திருக்கிறார்கள்: இத்தாலியில் 2011-இல் வந்த ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குத் தசையிலும் மூட்டிலும் தனியாக இருந்த வலிக்குச் சிகிச்சை கொடுத்ததும், உடம்பு முழுக்க இருந்த வலியும் குறைந்தது. ஆகவே கழுத்தைக் கவனிக்க வேண்டும். கவனிப்பது என்றால் அறுப்பது என்று அர்த்தமில்லை.

இலை மஞ்சளாகிவிட்டால் யூரியா போடு என்று சொன்ன காலத்தை நாம் தாண்டி வந்தவர்கள். தழைச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கியதா, துங்ரோவா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறோம். பயிருக்குக் காட்டுகிற அந்த நிதானத்தை வீட்டில் இருக்கிறவர் கழுத்துக்கும் காட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. உடம்பு முழுக்க வலி என்றதும் ஃபைப்ரோமயால்ஜியா என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, சர்க்கரை நோயின் நரம்பு பாதிப்பு, கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை, முடக்குவாதத்தின் ஆரம்பம் இவையும் இப்படித்தான் தலை காட்டும். நாளெல்லாம் வெயிலே படாமல் தறியறையில் இருக்கிற பெண்களுக்கு வைட்டமின் டி பார்ப்பது வீண் செலவில்லை. மச்சினிக்கும் குறைவாகவே இருந்தது. அதைச் சரிசெய்தும் வலி போகாததால்தான் அடுத்த படிக்குப் போனார்கள்.

என்ன செய்தார்கள்

சகலைக்கு அறுவை முதல்வர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. கழுத்தின் முன்பக்கமாகச் சின்னக் கீறல் போட்டு, அழுத்திய வட்டை எடுத்துவிட்டு எலும்பைச் சேர்த்தார்கள். நடை நன்றாகத் தேறியது. விரல் நுணுக்கம் பாதிதான் திரும்பியது. கோர்வைக்கு அவரால் உட்கார முடியாது. இழை பிணைக்கும் வேலையை மகனுக்கு விட்டுவிட்டார். ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் கை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் திருப்பிச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது பொத்தான் போட வராமல் இருக்கலாம்.

மச்சினிக்கு வைத்தியம் மெதுவாகத்தான் நடந்தது. மூட்டு வாத நோய்ப் பிரிவில் ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். மனநோய் மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டதால் ஒரு வாரம் சாப்பிடாமல் வைத்திருந்தாள். தூக்கத்துக்கும் வலியின் ஒலியைக் குறைக்கவும்தான் இந்த அளவு என்று டாக்டர் விளக்கிய பிறகு ஆரம்பித்தாள். டுலாக்செட்டின், பிரிகாபலின் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு. வழக்கமான வலி மாத்திரைகள் இந்த நோய்க்குப் பெரிதாக உதவுவதில்லை. டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் மாதிரி வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தையும் வயிற்றையும்தான் கெடுக்கும். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டுப் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன; 2006-இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதக் கடையில் இன்னும் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

மருந்தைவிட அவளுக்கு அதிகம் உதவியது நடைதான். 2016-இல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பு தன் பரிந்துரைகளைத் திருத்தியபோது, உறுதியாகச் செய்யச் சொன்ன ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. சீனாவின் தாய்சீ என்கிற மெதுவான அசைவுப் பயிற்சியை அமெரிக்காவில் 66 பேருக்கு 12 வாரம் சோதித்து, 2010-இல் நல்ல பலன் என்று எழுதினார்கள். வலிக்கிற ஆளை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியும். சூட்சுமம் அளவில் இருக்கிறது. முதல் வாரம் ஐந்து நிமிடம், வலித்தாலும் ஐந்து, வலிக்காவிட்டாலும் ஐந்துதான். நல்லா இருக்கிற நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் இந்த நோயின் வழக்கமான பொறி. அவள் கச்சபேசுவரர் கோயில் குளத்தைச் சுற்ற ஆரம்பித்து, எட்டு மாதத்தில் 40 நிமிடத்துக்கு வந்தாள். வலி போய்விட்டதா என்றால் இல்லை. "இருக்குது மாமா, ஆனா என்ன அது அடக்கி வெக்கல" என்கிறாள்.

நம் கை வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். நொச்சித் தழை ஒத்தடம், வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி வெந்நீர்க் குளியல் எல்லாம் இறுகிய தசைக்கு இதம், நானும் பயன்படுத்துகிறேன். வட்டை அவை உள்ளே தள்ளாது. கழுத்தைச் சொடுக்கு எடுப்பது மட்டும் கூடவே கூடாது. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருகுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். தண்டுவடம் நெருக்கப்பட்டிருப்பது தெரியாமல் திருகினால் கைகால் விழுந்துவிடலாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதும் உண்டு. பெயர் போடாத பொடி, உருண்டை வாங்கிச் சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கழுத்தில் வட்டுக் கோளாறு என்று தெரிந்தவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் பக்கம் போக வேண்டாம்.

தறியறையில் இரண்டு மாற்றம் செய்தோம். உட்காரும் பலகைக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். கோர்வை சேருகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு தொங்கவிட்டோம். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு எம்.ஆர்.ஐ. செலவில் சின்னப் பங்கு. தலை முன்பு போல் தொங்குவதில்லை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் மருமகள் கேட்பதில்லை. இப்போது கரை நாடா பிடிப்பவள் அவள்தான். இரவில் ஒரே ஒரு தணிவான தலையணை. தலையணையே வேண்டாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

என் வயலிலும் தெளிப்பானின் வாருக்கு அடியில் பழைய சாக்கை மடித்துத் தைத்திருக்கிறேன். தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. இரண்டு நடை கூடும், பரவாயில்லை. எருவைத் தலையில் தூக்காமல் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறோம். களையெடுக்க வரும் பெண்களுக்கு நீண்ட பிடி வைத்த களைக்கொத்தி வாங்கிக் கொடுத்தேன். முதலில் சிரித்தார்கள், இப்போது ஆளுக்கொன்று கேட்கிறார்கள்.

டாக்டரிடம் போகிறவர்கள் ஒரு தாளில் மனித உருவம் முன்னும் பின்னும் வரைந்து, வலிக்கிற இடத்தை வட்டமிட்டுக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினோம், எழும்போது அசதி தீர்ந்ததா, எந்த விரல் மரத்துப்போகிறது, சாப்பிடும் மாத்திரைகள் என்ன என்பதை அடியில் எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை நீட்டுங்கள். அறுவை என்று சொன்னால், "கையில சக்தி குறைஞ்சிருக்கா, தண்டுவடம் அமுங்கியிருக்கா, இல்ல வலிக்காக மட்டும் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். மச்சினிக்கு அந்தத் தாளை வரைந்து கொடுத்தது அவள் பேரன். உருவம் முழுக்கச் சிவப்பு பென்சில் தீட்டிவிட்டு, மிச்சம் இருந்த மூக்கை மட்டும் விட்டுவிட்டான். அதைப் பார்த்த மாமியார் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபி அவரே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.